வீட்டில் உடன் இருப்பவர்

இன்னும் மூன்று பேர் பேசி முடித்தால் கௌசிகாவின் முறை வந்துவிடும். வராமலும் போகலாம். திங்கட்கிழமை மதியக் கூட்டத்தில் பேச்சு எப்போதும் தாமோதரன் சாரின் இடதுகைப் பக்கம் தொடங்கி மேஜையைச் சுற்றிக்கொண்டு வரும். கதவோரக் கடைசி நாற்காலியில் இருக்கும் அவளிடம் அது வந்து சேரும்போது எல்லோரும் லேப்டாப்பை மூடி, செல்போனைக் கையில் எடுத்து, பாதி எழுந்திருப்பார்கள். அப்போது சார் அவள் பக்கம் திரும்பி, "கௌசிகா, உங்ககிட்ட ஒண்ணுமில்லையே?" என்பார். இருக்கிறதா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இல்லையே என்றுதான் கேட்பார். அவளும் இல்லை என்று தலையை ஆட்டுவாள், நாற்காலிகள் பின்னால் நகரும், கூட்டம் முடிந்துவிடும். இங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு தீபாவளி போய்விட்டது, இந்த அறைக்குள் தன் குரல் எப்படிக் கேட்கும் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அந்த நாற்காலியில் யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. முதல் நாள் அவளாகப் போய் உட்கார்ந்தாள். இப்போது அதில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் எழுந்திருங்கள் என்று சொல்ல வாய் வராது என்பதால் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறாள். ஏசிக் காற்று நேராகப் பிடரியில் விழுந்தது. இன்று தலையை ஆட்டக் கூடாது. இருக்கிறது சார் என்று சொல்ல வேண்டும். இருக்கிறது சார், ஒரு சின்ன விஷயம் சார். சின்ன விஷயம் என்றால் அப்புறம் பார்க்கலாம் என்பார். முக்கியமான விஷயம் சார் என்றால் எல்லாத் தலைகளும் திரும்பும். பக்கத்து நாற்காலியில் எப்சிபா அக்காவின் தலையும் திரும்பும். காலையில் பீளமேட்டில் பஸ் ஏறியதிலிருந்து அவள் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தையலும் விட்டுப்போயிற்று.

விஷயம் இதுதான். இவர்கள் விற்பது வயதானவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஒரு மணி. பெயர்தான் மணி, சத்தம் எதுவும் வராது. கீழே விழுந்தாலோ நெஞ்சை அடைத்தாலோ அதை அழுத்தினால் இந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். அவர்கள் பக்கத்து வீட்டையோ ஆம்புலன்ஸையோ கூப்பிடுவார்கள். செல்போனில் விளம்பரத்தைப் பார்த்து வேண்டுமென்று நினைப்பவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர், போன் நம்பர், ஊர், பிறகு ஒரு கேள்வி: வீட்டில் உடன் இருப்பவர். அந்த இடத்தைத் தொட்டால் டிராப்டவுன் விரியும். துணைவர், மகன், மகள், உறவினர், தனியாக, மற்றவை. ஒன்றைத் தொட்டு அனுப்பினால் அது மார்க்கெட்டிங் சாஃப்ட்வேரில் வந்து விழுந்து, அங்கிருந்து தானாகவே சேல்ஸ் சாஃப்ட்வேருக்குப் போய், கூடத்தில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருவருடைய திரையில் தோன்றும். அவர் கூப்பிட்டுப் பேசுவார். இரண்டு சாஃப்ட்வேரிலும் அதே பட்டியல் இருக்க வேண்டும். இங்கே இருக்கிற ஒரு ஆப்ஷன் அங்கே இல்லாமல் போனால், அதைத் தொட்டவரை அந்தப் பக்கம் ஏற்றுக்கொள்ளாது. சண்டை போடாது, சிவப்பு விளக்கு எரியாது. நடுவில் ஒரு கூடை இருக்கிறது, அதில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். படிவம் நிரப்பியவருக்கோ, நன்றி, எங்கள் பிரதிநிதி ஒரு நாளுக்குள் உங்களை அழைப்பார் என்று பச்சை டிக் போட்டுக் காட்டிவிடும். அந்தக் கூடையைத் திறந்து பார்ப்பது யார் வேலை என்று யாருக்கும் தெரியாது. கௌசிகாவின் வேலை விளம்பரக் கணக்குகளைப் படமாக வரைந்து கொடுப்பது. சனிக்கிழமை சாயங்காலம், விளம்பரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஷ்ரவன் இன்னும் கணக்கு அனுப்பாததால் செய்ய எதுவும் இல்லாமல் அவள் கூடையைத் திறந்தாள். தப்பான போன் நம்பரோடு நாலைந்து பேர் கிடப்பார்கள், துடைத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போகலாம் என்றுதான் நினைத்தாள். கிடந்தவர்கள் நாற்பதுக்கும் மேல். கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோருடைய வரியிலும் ஒரே வார்த்தை. தனியாக. தனியாக. தனியாக.

ஷ்ரவன் பேசிக்கொண்டிருந்தான். விளம்பரம் இன்று சாயங்காலம் போகிறது, இந்த முறை திருப்பூர், ஈரோடு எல்லாம் சேர்த்து, வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களைப் பிடிக்கிற மாதிரி, என்று சொல்லித் திரையில் ஒரு படத்தைக் காட்டினான். வெள்ளைத் தலைமுடி வைத்த ஒரு தம்பதி, பளிச்சென்ற பற்கள், பின்னால் ஒரு கறிவேப்பிலைச் செடி. "இவங்களப் பாத்தா கீழ விழறவங்க மாதிரியா இருக்கு? ஜிம்முக்குப் போறவங்க மாதிரி இருக்காங்க," என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள். கௌசிகாவும் உதட்டை இழுத்துச் சிரித்தாள், அதே நேரம் சாயங்காலம், சாயங்காலம் என்று உள்ளே ஏதோ தட்டியது. சாயங்காலத்துக்குப் பிறகு இன்னும் நூறு பேர், இருநூறு பேர் படிவத்தைத் திறப்பார்கள். அதில் தனியாக என்று தொடுகிறவர்கள் ஒவ்வொருவராகக் கூடையில் போய் விழுவார்கள். எல்லோருக்கும் பச்சை டிக் வரும். அதில் பலர் சண்டைக்கு வரமாட்டார்கள். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். கேட்டும் கிடைக்காதவர்களில் சிலர் சத்தம் போடுவார்கள், சிலர் தங்கள் பக்கம்தான் ஏதோ தப்பு என்று எண்ணிக்கொள்வார்கள். இருகூர் திருமூர்த்தி அந்த இரண்டாம் வகை. அவர் மூன்று முறை படிவம் நிரப்பியிருந்தார். கடைசியில் ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று ஒரு கட்டம் உண்டு, யாரும் எழுதமாட்டார்கள், அவர் எழுதியிருந்தார். முதல் முறை: போன வாரம் பாத்ரூமில் விழுந்துவிட்டேன், பெரிதாக அடியில்லை, காலை பத்து மணிக்கு மேல் கூப்பிட்டால் குளித்துத் தயாராக இருப்பேன். இரண்டாம் முறை: போன் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன். மூன்றாம் முறை: நீங்கள் கூப்பிட்டு நான் எடுக்காமல் விட்டிருந்தால் மன்னிக்கவும். மன்னிக்கவும் என்பதை அவர் எப்படித் தட்டியிருப்பார், ஒற்றை விரலால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எழுத்தைத் தேடித் தேடி. அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஏன் வரவில்லை? சலித்துப்போயிருக்கலாம். மகன் வந்து அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். வேறு கம்பெனியில் வாங்கியிருக்கலாம். அவள் மனம் இந்த மூன்றையும் வரிசையாக எடுத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அந்த ஈரமான பாத்ரூம் தரையில் போய் நின்றது. வாளி சாய்ந்து கிடக்கிறது. குழாய் சொட்டுகிறது. உள்ளறையில், சத்தம் கூட்டி வைத்த போன், அடிக்காமல்.

ஆறாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்த டீச்சர் தலையை நிமிர்த்தமாட்டார். பெயரைச் சொல்வார், குரல் வந்தால் டிக், வராவிட்டால் கோடு. கௌசிகா உள்ளேன் டீச்சர் என்று சொல்வாள், சொல்லாமல் இருந்ததே இல்லை, ஆனால் அது மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. அந்த வருடம் தாராபுரத்தில் அப்பாவுக்குப் பள்ளியிலிருந்து ஆள் வந்தது, உங்கள் பெண் பாதி நாள் வருவதே இல்லையே என்று. அப்பா அவளைப் பார்த்த பார்வை. எங்கடி போற? பள்ளிக்கூடத்துக்குத்தான் போறேன். அப்ப ஏன் இல்லைன்னு போட்டிருக்கு? அதற்கு என்ன பதில் சொல்வது. உட்கார்ந்துதான் இருந்தேன், எதிரிலேயே உட்கார்ந்துதான் இருந்தேன் என்று அவள் அன்றைக்கு அழக்கூட இல்லை, ஏனென்றால் எழுதிப் போட்டிருந்ததைப் பார்த்ததும் ஒருவேளை நாம் போகவில்லையோ என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது. இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஏன் இது. கணக்குப் பிரிவுக்காரர் பேச ஆரம்பித்திருந்தார். அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் "அதாவது பாத்தீங்கன்னா" என்று தொடங்குவார், இழுத்துக்கொண்டே போவார், அவர் இழுக்கட்டும், கடவுளே, கூட்டம் முடிகிற வரை அவரே இழுக்கட்டும். இல்லை, இழுக்கக் கூடாது. தன் முறை வர வேண்டும் என்றும் வரக் கூடாது என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டால் சாமி எதைத்தான் கேட்கும். மேஜைக்கு அடியில் அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டினாள், விட்டாள், சுருட்டினாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹாஸ்டல் அறையில் அவள் ஒருத்திதான். கூட இருந்த பெண் கல்யாணமாகிப் போனதிலிருந்து அந்தக் கட்டில் மெத்தை சுருட்டியபடியே கிடக்கிறது. மெஸ்ஸுக்குப் போகவில்லை. போகவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. மதியம் அம்மா கூப்பிட்டாள். சாப்பிட்டயா? சாப்பிட்டேன். என்ன சாப்பிட்ட? சாம்பார். ரூமுக்குப் புதுசா யாரும் வந்தாங்களா? வருவாங்கம்மா. உடம்பு நல்லாருக்குதா? இருக்குதும்மா. அம்மாவின் கேள்விகளுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது, அதிலிருந்து ஒன்றைத் தொட்டு அனுப்பினால் போதும், அம்மா நிம்மதியாகப் போனை வைத்துவிடுவாள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவே அம்மா இருக்கிற நிலைமையில் அதற்கு மேல் சொல்லக் கூடாது. நான் இங்கே வழுக்கி விழுந்தால் எத்தனை நேரம் கழித்துத் தெரியும் என்று அவள் நேற்று முதல் முறையாக யோசித்துப் பார்த்தாள். திங்கட்கிழமை காலையில் இந்த நாற்காலி காலியாக இருப்பதை யாராவது கவனிப்பார்கள். எப்சிபா அக்கா கவனிப்பாள். நிச்சயமாக அக்கா கவனிப்பாள்.

அதனால்தான் இது இவ்வளவு கஷ்டமாக இருந்தது. கூடத்தில் போன் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் எப்சிபா அக்காதான் மேல். நாசரேத்துக்காரி, கோவைக்கு வந்து இருபது வருடமாகியும் பேச்சு ஊர்ப்பேச்சுதான். இந்த அலுவலகத்தில் கௌசிகாவின் டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திறந்து பார்க்கிற ஒரே ஆள். இன்றைக்கும் பார்த்தாள். "ஏ பிள்ள, என்ன சோத்தை எண்ணிக்கிட்டு இருக்க? மீன் வேணுமா? முள்ளில்லாத துண்டா பாத்துத் தாரேன்." வேண்டாம் அக்கா. "வேண்டாங்குத வார்த்தையத் தவிர உனக்கு வேற ஒண்ணும் சொல்லித் தரலையா உங்க வீட்ல? உன்னைக் கட்டப்போறவன் பாவம். பேச்சுத் துணைக்கு ஒரு ரேடியோ வாங்கி வச்சுக்கிடணும்." அப்போதே சொல்லியிருக்கலாம். அக்கா, சேல்ஸ் பக்கம் டிராப்டவுனில் ஒரு ஆப்ஷன் காணோம் அக்கா என்று தொடங்கத்தான் செய்தாள். அக்கா முந்திக்கொண்டாள். "அதா? நாந்தான் தூக்குனேன். உன்னட்ட சொல்லணும்னு நினைச்சேன், மறந்துட்டேன். அந்தத் தனியா இருக்கவங்க எல்லாரும் நம்ம நவநீதன் தலையிலதான் வந்து விழுதாங்க, அவன் பொறுமையாப் பேசுவான்னு முன்னால யாரோ அப்படிப் பிரிச்சு வச்சிருக்காங்க. மணி என்ன விலைன்னு கேக்கதுக்கு முன்னால மருமவ சண்டை, முட்டிவலி, செத்துப்போன வீட்டுக்காரர் கதை, எல்லாம் வந்திரும் பிள்ள. போனை வையுங்கன்னு சொல்ல அந்தப் பயலுக்கு மனசு வராது. பேச்சு நீண்டா சுவர்ல இருக்க டிவில பேரு சிவப்பாயிரும், அவன் பேரு சிவப்பாவே நின்னுச்சு. போன மாசம் இன்சென்டிவ் போச்சு, இன்னும் ஒரு மாசம் இப்படின்னா வேலையும் போயிரும். பொண்டாட்டி வேற முழுகாம இருக்கா. அதான் அந்த ஆப்ஷனையே எடுத்துட்டேன். இனி அவங்கெல்லாம் மத்ததுல போய் விழுவாங்க, எல்லாருக்கும் பங்கு பிரிஞ்சு போகும். எப்படி?" எப்படி என்று கேட்டுவிட்டு மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்துச் சிரித்தாள். கௌசிகாவால் அந்தச் சிரிப்புக்கு எதிரில் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவர்கள் மற்றதில் போய் விழவில்லை அக்கா. எங்கேயுமே விழவில்லை. நீங்கள் வாங்கிக்கொள்கிற பக்கத்தில், சேல்ஸில், எடுத்தீர்கள், கேட்கிற பக்கத்தில், படிவத்தில், அது அப்படியே இருக்கிறது. விருந்தாளி உள்ளே வந்துகொண்டிருக்கும்போதே பாயைச் சுருட்டிவிட்டீர்கள். சேர்ப்பதானால் முதலில் வாங்குகிற பக்கம் சேர்க்க வேண்டும், எடுப்பதானால் முதலில் கேட்கிற பக்கம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அக்கா இதில் இருப்பது. இதெல்லாம் உள்ளுக்குள் எவ்வளவு தெளிவாக இருந்தது. வெளியே அவள் மோர் சாதத்தைத்தான் பிசைந்தாள்.

பெயர் சொல்லாமல் சொல்லிவிடலாம். ஒரு மாற்றம் நடந்திருக்கிறது சார். யார் செய்தார் என்று சார் உடனே கேட்பார். அவருக்கு எதிலும் முதலில் அதுதான் வேண்டும். போன வருடம் விலைப்பட்டியலில் தப்பு வந்தபோது ஒரு பையனை இதே அறையில் நிற்க வைத்து, எல்லோர் முன்னிலையிலும், தம்பி நீங்க என்ன படிச்சீங்க, எங்க படிச்சீங்க, பாஸ் பண்ணீங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அடுத்த வாரம் அவன் வரவில்லை. எப்சிபா அக்காவை அப்படிக் கேட்பாரா? அக்காவின் பெரியவன் இப்போதுதான் காலேஜ் சேர்ந்திருக்கிறான். அக்கா பேச ஆரம்பித்துவிட்டாள். எத்தனை போன், எத்தனை பேர் வாங்கினார்கள், சராசரிப் பேச்சு நேரம் நன்றாகக் குறைந்திருக்கிறது சார், சிவப்பு ஒன்றுகூட இல்லை. "வெரி குட், வெரி குட்," என்றார் சார். "நவநீதன்கூட தேறிட்டானாட்ட இருக்குதே." அக்கா பூரித்துப்போய்க் கௌசிகாவின் முழங்கையை லேசாக இடித்தாள். அந்தச் சராசரி குறைந்தது எதனால் என்று இந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும். லேப்டாப்கள் மூடுகிற சத்தம். ஷ்ரவன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தான். யாரோ கதவைப் பாதி திறந்ததில் கூடத்தின் இரைச்சல் உள்ளே வந்தது, வணக்கங்க, வணக்கங்க மேடம், சொல்லுங்க சார். "கௌசிகா, உங்ககிட்ட ஒண்ணுமில்லையே?"

தலை தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியதை அவள் உணர்ந்தாள். பாதியில் அதைப் பிடித்து நிறுத்தினாள். "இருக்குதுங்க சார்." குரல் மெல்லியதாக, யாரோ பக்கத்து அறையில் பேசுவதைப் போல வந்தது. "சத்தமாச் சொல்லுங்க அம்மிணி." இருக்குதுங்க சார். எழுந்து நின்றாளா, உட்கார்ந்தேதான் பேசினாளா என்று பிறகு யோசித்தபோது ஞாபகம் வரவில்லை. கூடை என்றாள், பட்டியல் என்றாள், விருந்தாளி, பாய் என்று ஏதோ சொல்லி ஷ்ரவனைச் சிரிக்க வைத்தாள், நாற்பது பேருக்கு மேலங்க சார், மூணு வாரமாங்க சார், ஒருத்தர் மூணு தடவை எழுதியிருக்காருங்க சார் என்றாள். யார் எடுத்தார் என்று அவள் சொல்லவில்லை. சார் கேட்கத்தான் செய்தார். கௌசிகா மேஜை விளிம்பைப் பார்த்தாள். மரத்தைப் போலவே அச்சடித்த தாள், ஓரத்தில் பெயர்ந்திருந்தது. "நாந்தான் சார்," என்றாள் எப்சிபா அக்கா. அந்தக் குரலில் மீன் துண்டு தந்தவள் இல்லை. "பயலுவளுக்கு பாரம் குறையட்டும்னு எடுத்தேன். மத்ததுல போய் சேரும்னு நினைச்சேன் சார்." இதோ, என்ன படிச்சீங்க என்று கேட்கப்போகிறார். சார் பேனாவை மேஜையில் இரண்டு தடவை தட்டினார். பிறகு, ஆச்சரியம், சிரித்தார். "இதுல என்னங்க இருக்குது? தனியா இருக்கறவங்க வாங்கறது கம்மி, பேசறது ஜாஸ்தி. அக்கா எடுத்தது சரிதான். அந்தப் பக்கம் எடுத்தாச்சு, இந்தப் பக்கமும் எடுத்துருங்க. ரெண்டும் ஒண்ணாயிடும். அப்புறம் எர்ரர் எங்கிருந்து வரும்?"

எங்கிருந்தும் வராது. அது உண்மை. "அந்த நாற்பது பேரு சார்..." "மூணு வாரம் ஆனா ஆறிப்போன காப்பி அம்மிணி. இப்பக் கூப்பிட்டா ஏன் இத்தன நாள் கூப்பிடலைன்னு ஒரு பாட்டுப் பாடுவாங்க. அதெல்லாம் அழிச்சுருங்க. புது விளம்பரம் போகுது, புது ஆளுங்களப் பாப்போம்." பிறகு எல்லோரையும் பார்த்து, விரலை உயர்த்தி, இனிமேல் எந்தப் பக்கத்து டிராப்டவுனிலும் கௌசிகாவைக் கேட்காமல் யாரும் கை வைக்கக் கூடாது, சேர்ப்பதோ எடுப்பதோ அவர் ஒருவர்தான், தினமும் காலையில் அந்தக் கூடையையும் அவரே பார்ப்பார் என்றார். "நல்லாக் கண்டுபிடிச்சீங்க. பேசாம இருக்கறவங்கதான் எல்லாத்தையும் கவனிக்கறாங்க." யாரோ இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். அவள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்து வைத்திருந்த எல்லாமும் அதுதான். ஒரே கை, ஒரே பட்டியல், தினமும் ஒரு பார்வை. ஒன்றுவிடாமல் கொடுத்துவிட்டார். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. வெளியே வரும்போது எப்சிபா அக்கா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். திட்டப்போகிறாள் என்று கௌசிகா நின்றாள். "உயிரே போயிட்டு வந்துச்சு பிள்ள. என் பேரைச் சொல்லாம நின்னியே, உன்னை மறக்க மாட்டேன்." அக்காவின் உள்ளங்கை வியர்த்து, சூடாக இருந்தது. அக்கா, அவர்களைக் கூப்பிட வேண்டாமா என்று கேட்க நினைத்தாள். அந்தச் சூட்டை இழக்க மனம் வரவில்லை. கேட்கவில்லை.

எடுப்பதற்கு நேரமே ஆகவில்லை. படிவத்தைத் திறந்து, தனியாக என்ற வரிக்குப் பக்கத்தில் இருந்த பெருக்கல் குறியைத் தொட்டதும் கீழே இருந்த மற்றவை ஒரு படி மேலே ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அங்கே எதுவும் இருந்ததற்கான அடையாளமே இல்லை. கூடையைத் திறந்தாள். எல்லாவற்றையும் தேர்ந்தெடு, அழி. விரல் அதன் மேல் நின்றது. சத்தம் கூட்டி வைத்த போன். தானே கூப்பிட்டால் என்ன? நம்பர் எதிரிலேயே இருக்கிறது. கூப்பிட்டு என்ன சொல்வது, நான் யார் என்று சொல்வது, அவர் எடுத்தால் என்ன பேசுவது, எடுக்காவிட்டால் அதற்குப் பிறகு எப்படி இருப்பது. அழிக்காமல் ஓரமாக வைத்தாள். முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், எதை மாற்றினாலும் ஒரு பொய்ப் படிவம் நிரப்பி அனுப்பி, அந்தப் பக்கம் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது வழக்கம். டெஸ்ட் என்று பெயர் போட்டால் கூடத்தில் இருப்பவர்கள் கூப்பிடாமல் தள்ளிவிடுவார்கள். கடைசிவரை போகிறதா என்று தெரிய வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அம்மாவின் பெயரைப் போட்டாள், விசாலாட்சி. தன் நம்பரைப் போட்டாள். இந்த அலுவலகத்தில் எப்சிபா அக்காவைத் தவிர யாரிடமும் அது இல்லை. ஊர், பீளமேடு. வீட்டில் உடன் இருப்பவர். டிராப்டவுன் விரிந்தது. துணைவர், மகன், மகள், உறவினர், மற்றவை. அவள் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் ஒரு முறை வாசித்தாள். மற்றவையைத் தொட்டு அனுப்பினாள். பச்சை டிக் வந்தது. எழுந்து, மாடிப்படி திரும்புகிற இடத்தில் போய் நிற்பதற்குள் போன் அடித்துவிட்டது.

"வணக்கங்க மேடம், விசாலாட்சி மேடம்ங்களா?" நவநீதன்தான். படிக்கட்டுக் கண்ணாடி வழியாகக் கூடத்தின் அந்தக் கோடியில் அவன் முதுகு தெரிந்தது, சட்டைக் காலருக்கு மேலே ஹெட்போன் வளைவு. டெஸ்ட்டுங்க, கட் பண்ணிடுங்க என்று சொல்லிவிட வேண்டும். எல்லாம் சரியாக வேலை செய்கிறது. போய்ச் சேர்ந்துவிட்டது. "சொல்லுங்க மேடம், கேக்குதுங்களா?" கேக்குதுங்க, என்றாள். அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, நடுங்கவில்லை, அவசரப்படவில்லை. "மணி உங்களுக்குங்களா, வீட்ல பெரியவங்களுக்குங்களா?" எனக்குத்தானுங்க. "சரிங்க மேடம். மற்றவைன்னு போட்டிருக்கீங்க, வீட்ல கூட யாருங்க இருக்காங்க?" யாருமில்லைங்க. நான் ஒருத்திதான். அவன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. எதையோ தேடுகிறவனைப் போலத் திரைக்குக் கிட்டே குனிந்தான், கை மவுஸை நகர்த்தியது, நின்றது. "அது பரவாயில்லைங்க மேடம்," என்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, யாருக்கும் கேட்கக் கூடாத ஒன்றைச் சொல்கிறவனைப் போல, "சாப்டீங்களா மேடம்?" என்றான். இதனால்தான் இவன் சிவப்பில் நின்றான். இப்போது வைத்துவிட்டால் இன்றைக்கு நிற்கமாட்டான். அவனுக்கு வீட்டில் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள். வைத்துவிடு, கௌசிகா. வைத்துவிடு. "எனக்குத் தெரிஞ்சவங்க சில பேரு இருக்காங்க," என்றாள். "அவங்களுக்கும் மணி வேணுமாம். நம்பர் சொன்னா எழுதிக்குவீங்களா?" சந்தோஷமுங்க மேடம், சொல்லுங்க என்றான். அவள் பார்த்துப் படிக்க வேண்டியிருக்கவில்லை, இரண்டு நாளாக எல்லா நம்பரும் கண்ணுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தன. "திருமூர்த்தி. இருகூர்." அவன் தோள் அசைந்தது, எழுதுகிறான். "அவரை முதல்ல கூப்பிடுங்க. இன்னைக்கே கூப்பிடுங்க. எடுக்கலைன்னா விட்டுடாதீங்க, பக்கத்துல யாரையாச்சும் போய்ப் பாக்கச் சொல்லுங்க." செய்யறேனுங்க மேடம், அடுத்துச் சொல்லுங்க. சுவரில் இருந்த டிவியில் அவன் பெயர் மஞ்சளாயிற்று. கூடத்தின் நடுவே நின்றிருந்த எப்சிபா அக்கா அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்து, அவன் இருக்கும் பக்கமாக நடக்கத் தொடங்கினாள். கௌசிகா கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டாவது பெயரைச் சொன்னாள்.